மேஜை எப்போது காலியாகும்? கொல்கத்தாவில் சாப்பிட்ட நாட்கள்

புதன் இரவு

ஹோட்டல் நடத்துகிறவன் வெளியூர் போனால் கோயில் குளம் பார்ப்பதைவிட அடுத்தவன் கல்லாவை எட்டிப் பார்ப்பதுதான் அதிகம். மதுரையில் எங்கள் கடை சின்னது, சுத்த சைவம். எங்கள் தொழிலில் எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: மேஜை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது. சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையை எடுத்து, துடைத்து, அடுத்தவரை உட்கார வைத்தாக வேண்டும். அதே சமயம் உட்கார்ந்திருப்பவருக்கு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்கிற வித்தை எங்களுக்கு இன்னும் கைவரவில்லை. நூறு வருடமாகக் கடை நடத்துகிற ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கத்தான் கொல்கத்தா. மச்சினனும் கூட வந்திருக்கிறான். கல்லாவில் உட்காருபவன், எதைப் பார்த்தாலும் பெருக்கிப் பார்ப்பான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சப்ளையர் பையன் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரன். போகும் இடமெல்லாம் எங்கே சாப்பிட வேண்டும் என்று அவன் ஃபோனில் வழி சொல்வதாக ஏற்பாடு.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து டாக்ஸி பிடித்து வித்யாசாகர் சேது வழியாக ஹூக்ளியைத் தாண்டி, எஸ்பிளனேடு பக்கம் ஒரு லாட்ஜில் பையைப் போட்டோம். ஜனவரிக் குளிருக்கு ஊரே குரங்குக் குல்லாயில் இருக்கிறது.

ராத்திரிக்கு நியூ மார்க்கெட் பக்கத்தில் நிஜாம்ஸ். 1932-லிருந்து இருக்கும் கடை, காட்டி ரோல் பிறந்த இடம் என்று பெயர். கல்லில் பராட்டா விழுகிறது, அதன் மேல் முட்டை, அது வேகும்போதே கம்பியில் சுட்ட கறி, நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைப் பிழிவு. ஒரு சுருட்டு, அடியில் ஒரு காகிதம், முறுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தெருவில் நின்றே தின்று முடிக்கிறார்கள். மேஜைப் பிரச்சினைக்கு முதல் பதில்: மேஜையே வேண்டாம். நமக்கு ஆகாது. சாம்பாரைக் காகிதத்தில் சுருட்ட முடியாது.

வியாழன்

இன்றைக்கு முழுக்க காலேஜ் ஸ்ட்ரீட். பழைய புத்தகக் கடைகளை வேடிக்கை பார்த்தபடியே பவானி தத்தா லேன் என்ற சந்துக்குள் நுழைந்தோம். ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். 1927-ல் தொடங்கியபோது வெறும் ஹிந்து ஹோட்டல். சுதந்திரத்துக்குப் பிறகு முன்னால் 'ஸ்வாதீன் பாரத்' சேர்ந்துகொண்டது. இங்கே இந்த வகைக் கடைக்கு 'பைஸ் ஹோட்டல்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. சோறு தனி, பருப்பு தனி, பொரியல் தனி. எலுமிச்சைத் துண்டு தனி. தண்ணீர் குடிக்கும் மண் குவளை தனி. வாழையிலைக்கும் காசு! மச்சினன் அங்கேயே முடிவு செய்துவிட்டான், ஊருக்குப் போனதும் இலைக்குத் தனியாக ரெண்டு ரூபாய் போடலாம் என்று. நம் ஊரில் அப்படிப் போட்டால் இலையைக் கல்லா மேலேயே விரித்துவிடுவார்கள் என்றேன்.

அன்றைய சாப்பாடு கரும்பலகையில் வங்காளத்தில் எழுதியிருந்தது. சப்ளையர் பெரியவர் எங்கள் முன்னால் வந்து நின்று கடகடவென்று ஒப்பித்தார். மீனைச் சொல்லும் 'மாச்' என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. மதுரைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பையனிடம் பேசச் சொன்னேன்.

எங்கள் கடையில் அந்தப் பையன் ஒரு நாளைக்குப் பேசுவது நாலைந்து வார்த்தைதான்: சாம்பார், ரசம், வேணுமா, போதுமா, வழி. அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. இங்கே ஃபோனுக்குள்ளிருந்து வந்தது வேறு குரல். சிரிக்கிறான், கேள்வி கேட்கிறான், பெரியவர் ஏதோ சொன்னதற்கு மறுத்துப் பேசுகிறான், பேரம் மாதிரி என்னவோ நடக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவரும் குனிந்து ஃபோனில் இரண்டு வார்த்தை போட்டார். பெரியவர் எங்களைக் காட்டி ஏதோ கேட்க, பையன் ஏதோ சொல்ல, மொத்த வரிசையும் சிரித்தது. என்னடா சொன்னே என்று தமிழில் கேட்டேன். "ஒண்ணும் இல்ல அண்ணா" என்றான், பழைய குரலில்.

அப்புறம் இலையில் வந்தது எதையும் நாங்கள் கேட்கவில்லை. முதலில் சுக்தோ: பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் போட்ட இளங்கசப்புக் கூட்டு. கசப்பில்தான் இவர்கள் தொடங்குகிறார்கள். அடுத்து பருப்பும் ஒரு பொரியலும். பிறகு ஆலூ போஸ்தோ, கசகசாவை அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு. பிறகு மீன் குழம்பு. கடைசியில் இனிப்பாக ஒரு தக்காளிச் சட்னி, அப்பளத்தோடு. மச்சினன் வழக்கம்போல் பருப்பைச் சோறு முழுக்க ஊற்றிக் குழி கட்டப் பார்த்தான். பெரியவர் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்சம் சோறு, அதற்கு மட்டும் பருப்பு; தின்று முடித்தால்தான் அடுத்தது. மீனுக்குச் சோற்றை மிச்சம் வைத்துக்கொள் என்று சைகை. அதட்டல்தான், ஆனால் வீட்டில் சித்தி அதட்டுகிற மாதிரி, கோபம் வரவில்லை. கசகசா போஸ்தோ என்ன ருசி! நாம் குருமாவில் ஒரு ஸ்பூன் போட்டுவிட்டு மறந்துவிடுகிற சாமான் இங்கே தனியாளாக நின்று ஒரு பதார்த்தமாகிறது.

பில்தான் அதிசயம். பெரியவர் கையில் நோட்டு இல்லை, டோக்கன் இல்லை. நாங்கள் எழுந்ததும் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: இலை, சோறு, சுக்தோ, பருப்பு, போஸ்தோ, மீன், எலுமிச்சை, குவளை. ஒரே மூச்சில் எங்கள் இரண்டு பேருக்கும், கூடவே எதிரில் எழுந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும். கல்லாக்காரர் கூட்டிச் சொன்னார். மச்சினன் ஃபோனில் தட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் பில்லிங் வைத்த பிறகும் எங்கள் கடையில் வாரத்துக்கு ஒரு தகராறு வருகிறது.

இங்கே மேஜை எங்கள் கடையைவிட வேகமாகக் காலியாகிறது. ஆனால் யாரும் யாரையும் விரட்டவில்லை. அடுத்து என்ன சாப்பிட வேண்டும் என்று யோசிக்கிற வேலையைப் பெரியவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நம் கையெல்லாம் இலையிலேயே இருக்கிறது. "வேற என்ன வேணும்" என்று கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் யோசிக்கும்வரை நின்றுகொண்டிருப்பதில்தான் நம் நேரம் பாதி போகிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சாயங்காலம் காபி ஹவுஸ். ஆல்பர்ட் ஹால் கட்டடத்தின் படியேறினால் பெரிய கூடம், உயரத்திலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் ஆளுயர ரவீந்திரநாத் தாகூர், சுற்றி மாடத்தில் இன்னொரு அடுக்கு மேஜைகள். 1942-ல் காபி வாரியம் திறந்தது. ஐம்பதுகளில் வாரியம் நாடு முழுக்கக் காபி ஹவுஸ்களை இழுத்து மூடிக்கொண்டு வந்தபோது வேலை போன தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். இங்கேயும் இன்றைக்கு நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுதான்.

வெள்ளைச் சீருடை, இடுப்பில் அகலப் பட்டை, தலையில் விசிறி வைத்த தலைப்பாகை. வெயிட்டர் வந்தார், இரண்டு 'இன்ஃப்யூஷன்' என்றோம், வந்தது. பால் இல்லாத கறுப்புக் காபிக்கு இங்கே அதுதான் பெயர். நம் டிகாஷன் நாக்கை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும், இது வேறு பானம். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. எங்களுக்கு முன்பே வந்திருந்த நாலு மாணவர்கள் நாங்கள் கிளம்பும்போதும் அதே காலிக் கோப்பைகளோடு எதையோ சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சினனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாமா, ஒரு காப்பிக்கு ரெண்டு மணி நேரம் சேரு குடுத்தா கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மேஜையைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரம் இந்தக் கூடத்தில் ஒருவர் முகத்திலும் இல்லை. மேற்பார்வைக்கு ஒரு முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கண்ணை உருட்டாத கடை எப்படியிருக்கும் என்று முதல்முறையாகப் பார்த்தேன். கல்லாக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான்.

திரும்பும் வழியில் பாரமவுண்ட். 1918-லிருந்து சர்பத் மட்டும் விற்கிற கடை. இளநீரும் வழுக்கையும் போட்ட டாப் சர்பத்துக்குச் செய்முறை சொல்லிக் கொடுத்தவர் வேதியியல் மேதை பிரபுல்ல சந்திர ராய் என்கிறார்கள். குளிரில் குடித்தோம், பல் கூசியது, இன்னொன்று வாங்கினோம்.

வெள்ளி

பார்க் ஸ்ட்ரீட். அன்னை தெரசா சரணி என்று பெயர் மாற்றி வருடக்கணக்கில் ஆகியும் டாக்ஸிக்காரரிடம் பழைய பெயர்தான் செல்லுபடியாகிறது. 1927-லிருந்து கேக் விற்கும் ஃப்ளரீஸ், 1956-லிருந்து நடக்கும் மொகாம்போ, பாட்டு மேடையோடு டிரிங்காஸ் எல்லாம் ஒரே தெருவில். டிரிங்காஸில் 1969-ல் காஞ்சிபுரம் புடவை, பெரிய பொட்டு, வளையல் சகிதம் மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடிய தமிழ்ப் பெண்தான் உஷா உதுப். இரவு விடுதிப் பாடகி என்றால் கவுன்தான் என்றிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! மச்சினனுக்கு இது தெரியாது, அவனுக்கு மேடையைக் காட்டியபோது நம்பவில்லை.

சாப்பிட்டது பீட்டர் கேட்டில். வாசலில் ஒரு கூட்டம். ஒருவர் பேப்பரோடு நின்று பெயரும் ஆள் கணக்கும் எழுதிக்கொள்கிறார், முறை வந்ததும் கூப்பிடுகிறார். நாங்களும் நடைபாதையில் நின்றோம். உள்ளே போனால் மங்கின விளக்கு, தலைப்பாகை கட்டிய வெயிட்டர்கள், வெளியில் இருந்த அமளிக்குச் சம்பந்தமே இல்லாத அமைதி. செலோ கபாப் சொன்னோம்: வெண்ணெய் போட்ட சோறு, முட்டை, இரண்டு வகை கபாப், சோற்றின் உச்சியில் உருகிக்கொண்டே இறங்கும் ஒரு வெண்ணெய்க் கட்டி. வெயிட்டர் வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார், தட்டை லேசாகத் திருப்பி முட்டை என் பக்கம் வரும்படி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அந்தத் திருப்பலை ஊருக்குப் போய் எல்லோருக்கும் சொல்லித் தரப்போகிறேன்.

கவனித்தது ஒன்று. காத்திருப்பை இவர்கள் மொத்தமாக வாசலிலேயே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு நாம் மோர் சாதத்தில் இருக்கிறோமா ரசத்தில் இருக்கிறோமா என்று எட்டிப் பார்ப்பார். சாப்பிடுகிறவருக்குத் தொண்டையில் இறங்காது. ஒரு பேப்பர், ஒரு பேனா, சிரித்த முகமாக ஒரு ஆள் வாசலில் நின்றால் தீர்கிற விஷயம்.

சனி

காலையில் ஒன்றுமில்லை, தூங்கினோம்.

மதியம் பிரியாணி. 1856-ல் ஆங்கிலேயர்கள் லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா இங்கே மட்டியாபுருஜில் வந்து குடியேறினார். அவருடைய சமையல்காரர்கள் வழியாக வந்த பிரியாணி என்று ஊரே சொல்கிறது. அதனால்தான் லக்னோ மாதிரி காரம் குறைவு, வாசனை அதிகம், கூடவே முழுசாக ஒரு உருளைக்கிழங்கு. கறி வாங்கக் காசில்லாமல் கிழங்கு போட்டார்கள் என்று ஒரு கதை. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே புதுசு, அதைப் போட்டது பெருமைக்குத்தான் என்று இன்னொரு கட்சி. காரணம் எதுவானாலும், கறிச்சாறு குடித்து மஞ்சளாகிக் கிடந்த அந்தக் கிழங்குக்காக நானும் மச்சினனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டது உண்மை.

சாயங்காலம் தெரிந்தே ஒரு வேலை செய்தோம். புதுசு எப்படியிருக்கிறது என்று பார்க்க ஒரு மாலில் இருக்கும் பெரிய உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டார்கள், மேஜை ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் என்று. மெனு இல்லை, மேஜையில் ஒட்டிய கட்டத்தை ஃபோனில் படம் பிடிக்க வேண்டும். பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவன் வாயசைப்பதுதான் தெரிந்தது. ஒரு பையன் வந்து தன் பெயரைச் சொல்லி, முதல் தடவை வருகிறீர்களா என்று கேட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். அப்புறம் வாயில் கவளம் இருக்கும்போதெல்லாம் வந்து "எல்லாம் நன்றாக இருக்கிறதா" என்றான். பாவம், அவனைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்கிறான். சாப்பாடு மோசமில்லை. மச்சினன் தட்டில் கடைசித் துண்டு இருக்கும்போதே தட்டை எடுத்துவிட்டார்கள்.

பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ். எடுக்கச் சொன்னேன். மேனேஜர் வந்து "இது எங்கள் விதி" என்றார். எது யார் விதி? சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குக்குப் போயும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றே சொல்லிவிட்டது. தொழிலில் இருக்கிறவன் என்பதால் இதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. சொன்னேன், எடுத்தார்கள். கவனித்த பையனுக்குக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அவன் முகத்தில் அப்போதுதான் மனப்பாடம் செய்யாத ஒரு சிரிப்பு வந்தது.

வயிறு நிறைந்தும் மனசு நிறையாமல் மறுபடி காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் வந்து தில்குஷா கேபினில் உட்கார்ந்தோம். நூறாண்டு தாண்டிய கடை. இந்த ஊரில் 'கேபின்' என்ற பெயரில் பழைய கடைகள் பல உண்டு. பெண்கள் வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது அரிதாக இருந்த காலத்தில் குடும்பங்களுக்கென்று தட்டி வைத்துத் திரை போட்டு அறை மாதிரி மறைத்தார்களாம், அதில் வந்த பெயர். கபிராஜி கட்லெட் வந்தது. அடித்து நுரைத்த முட்டையைக் கொதிக்கிற எண்ணெயில் விரல்களால் சிதற விட்டால் வலை மாதிரி பொங்கி வருகிறது. அந்த வலையைக் கட்லெட்டின் மேல் மடித்துப் போர்த்திவிடுகிறார்கள். கரண்டி வைத்தால் மொறுமொறுவென்று சரிகிறது, உள்ளே சூடாகக் கறி. தொட்டுக்கொள்ள மூக்கில் ஏறும் கடுகு விழுது. வெயிட்டர் எங்கள் மேஜை ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரரோடு கால்பந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் யாராவது இப்படி நின்றால் நானே அதட்டியிருப்பேன். இங்கே அது ஒரு குறையாகவே படவில்லை, ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு, ரயிலுக்கு முன்

விடியலில் டிரெட்டா பஜார். லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கம், பழைய சீனர் குடியிருப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்த ஊரில் சீனர்கள் உண்டு. 1962 போருக்குப் பிறகு நிறையப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் சிலர் தெருவோரத்தில் அலுமினிய ஆவிச்சட்டியைத் திறந்து பாவ் உருண்டை, மோமோ, மீன் உருண்டை சூப் விற்கிறார்கள். நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே சூப்பை ஊதிக் குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. நேரத்துக்கு வராதவன் பட்டினி.

மதியத்துக்கு லேக் மார்க்கெட். தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி. சந்தையில் முருங்கைக்காயும் கட்டுக் கட்டாக வாழையிலையும் மல்லிகைச் சரமும் பார்த்தவுடன் மச்சினன் முகம் தெளிந்தது. தமிழ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். சாம்பார் வாளியோடு வந்த பெரியவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து ஆயுசில் பாதிக்கு மேல் ஆகிவிட்டதாம்.

"எந்த ஊரு தம்பி?"

மதுரை, ஹோட்டல் வைத்திருக்கிறோம் என்றேன்.

"ஆள் யாரு? நம்ம பசங்களா?"

"இப்போ யாரு அண்ணாச்சி வர்றா. எல்லாம் இந்த ஊர்ப் பசங்கதான். முர்ஷிதாபாத், மித்னாப்பூர்."

அவர் சாம்பாரை ஊற்றுவதை நிறுத்தினார். "சைவக் கடையா?"

"ஆமா."

"பசங்களுக்கு மீன் போடுறீங்களா?"

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான், "ஞாயித்துக்கிழமை அவங்களே ரூம்ல வாங்கிச் சமைச்சுக்கிறாங்க."

"நான் இங்க வந்த புதுசுல மோருக்கு ஏங்கின ஏக்கம் எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர். "வாரத்துக்கு ஒரு நாள் பத்தாது, தம்பி." வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ரயில் பிற்பகலில். பையன் கேட்டிருந்த பேரீச்ச வெல்லம், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற பாட்டாலி, இரண்டு கிலோ வாங்கியாயிற்று. வாரத்துக்கு எத்தனை நாள் மீனுக்குக் காசு ஒதுக்கலாம் என்று லாட்ஜ் பில்லின் பின்பக்கத்தில் மச்சினன் இப்போது பெருக்கிக்கொண்டிருக்கிறான்.